லயனல் வென்ட்: நெகட்டிவ் அழிந்தது, படம் மிஞ்சியது

லயனல் வென்ட் என்பது ஒரு கட்டடத்தின் பெயர் என்றுதான் நான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். கொழும்பு 7, கில்ட்ஃபோர்ட் கிரசன்ட். நாடகம், ஓவியக் கண்காட்சி என்று செய்தி சேகரிக்கப் போகும் இடம். அந்தப் பெயருக்குரிய மனிதர் ஒரு புகைப்படக்காரர் என்பதும், இறக்கும்போது அவருக்கு வயது 44 என்பதும், அவருடைய நெகட்டிவ்கள் அவருக்குப் பின் அழிக்கப்பட்டன என்பதும் ஊடகக் கற்கை படித்த நாட்களில்தான் தெரிய வந்தது. நெகட்டிவ்கள் இல்லை என்ற அந்த ஒரு செய்தி மனதில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுப் பை.

வன்னியில் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அம்மம்மா ஒரு பையைக் கைவிடவில்லை. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கொஞ்சம் படங்கள். அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. 2009க்குப் பின் முகாமில் அந்தப் பையைத் திறந்தபோது உள்ளே இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. ஒன்று, 1950களில் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த அம்மப்பாவின் படம். மற்றது, 1980களில் அவசரத்துக்கு எடுத்த பெரிய மாமாவின் சின்னப் படம். ஒரே பை, ஒரே ஈரம், ஒரே வெயில். அம்மப்பாவின் படம் பழுப்பு நிறத்தில் இருந்தது. அவருடைய சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். அதைவிட முப்பது ஆண்டுகள் இளைய மாமாவின் படமோ மஞ்சளாகி, நெற்றியும் கன்னமும் கரைந்து போயிருந்தது. மாமா திரும்பி வரவில்லை. எங்களிடம் உள்ள அவருடைய படம் அது ஒன்றுதான்.

பழைய படம் நிலைத்து, புதிய படம் ஏன் மங்கியது என்ற கேள்விக்குப் பதில் தேடிய பாதையில்தான் வென்ட்டிடம் போய்ச் சேர்ந்தேன்.

லயனல் வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை ஹென்றி லொரென்ஸ் வென்ட் பறங்கியர். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். தாய் அமேலியா டி சேரம் சிங்களவர். 1906இல் தொடங்கப்பட்ட இலங்கை அமெச்சூர் புகைப்படச் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர்களில் தந்தையும் ஒருவர். ஆகவே கமரா அந்த வீட்டுக்குப் புதிய பொருளல்ல. தந்தை 1911இல் இறந்தார். சில ஆண்டுகளில் தாயும் போய்விட்டார். 1919இல் லயனல் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்றார்.

அங்கே இன்னர் டெம்பிளில் சட்டம் படித்து பரிஸ்டரானார். அதே நேரத்தில் ரோயல் அக்கடமி ஒஃப் மியூசிக்கில் ஒஸ்கர் பெரிங்கரிடம் பியானோ கற்றார். 1924இல் நாடு திரும்பியவர் சட்டத்தரணியாக நீண்ட காலம் நிற்கவில்லை. சொத்து இருந்தது, உழைத்துச் சாப்பிட வேண்டிய தேவை இல்லை. பியானோவைத் தெரிவு செய்தார். ஐரோப்பாவின் புதிய இசையைக் கொழும்பில் வாசித்துக் காட்டினார். 1929இல் சிலி நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்புக்கு வந்த இளங்கவிஞர் பப்லோ நெரூடாவுக்கு இந்த நகரில் கிடைத்த சில நண்பர்களில் வென்ட்டும் ஒருவர்.

1930களின் தொடக்கத்தில் அவர் புகைப்படத்தில் முழுமூச்சாக இறங்கினார். கையில் இருந்தது பெரும்பாலும் லைக்கா. 35 மில்லிமீற்றர் பிலிம் போடும் சின்னக் கமரா அது. 1925இல்தான் சந்தைக்கு வந்திருந்தது. அதன் நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீற்றர், ஒரு பெரிய முத்திரை அளவு. பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்த பழைய படங்களை அப்படியே தாளின் மேல் வைத்துப் பதிக்கலாம். லைக்காவின் படத்தை அப்படிச் செய்ய முடியாது. இருட்டறையில் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். அதாவது, கமராவின் வேலை முடிந்த பிறகுதான் படத்தின் பாதி வேலை தொடங்குகிறது.

பியானோ வாசித்த ஒருவருக்கு இது அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸும் பியானோவிலிருந்து வந்தவர்தான். நெகட்டிவை இசைக்குறிப்பாகவும் பிரின்ட்டை அதன் வாசிப்பாகவும் அவர் பார்த்தார். குறிப்பு ஒன்றுதான். வாசிப்பு ஒவ்வொரு முறையும் வேறு.

பல்கலைக்கழகக் காலத்தில் எங்களுக்கு இருட்டறை வேலையைக் காட்டித் தந்தவர், தொழிலை விட்டிருந்த ஒரு ஸ்ரூடியோ ஐயா. டிஜிற்றல் வந்த பிறகு யாரும் கேட்காமல் போன ஒரு கைத்தொழிலை அவர் எங்களுக்கு இரண்டு நாட்கள் செய்து காட்டினார். சிவப்பு விளக்கு. மூன்று தட்டுகள்: டெவலப்பர், அசற்றிக் அமிலம் கலந்த தண்ணீர், ஹைப்போ. வெள்ளைத் தாளில் முகம் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். ஐயா முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டையும் தட்டில் இருந்த தண்ணீரின் சூட்டையும்தான் பார்த்தார்.

அம்மப்பாவின் படம் ஏன் பழுப்பு என்று அவரிடம்தான் கேட்டேன். அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்ததையும் சேர்த்து இங்கே சுருக்கித் தருகிறேன். வென்ட்டின் பிரின்ட்களைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி. தாளின் மேல் பூசிய ஜெலற்றினுக்குள் வெள்ளி உப்புகள் இருக்கும். ஒளி பட்ட இடத்தில் டெவலப்பர் அந்த உப்பை வெள்ளித் துகளாக மாற்றும். துகள் பெரிதாக இருந்தால் நீலம் கலந்த குளிர்ந்த கறுப்பாகத் தெரியும். மிகச் சிறிதாக இருந்தால் பழுப்பாகத் தெரியும். வெள்ளி புரோமைட் மட்டும் உள்ள தாள் பொதுவாகக் குளிர்ந்த நிறம் தரும். குளோரைட்டும் புரோமைட்டும் கலந்த குளோரோபுரோமைட் தாளில் துகள்கள் சிறியவை, நிறம் சூடானது. ‘வோர்ம் டோன்’ என்று ஸ்ரூடியோக்காரர் சொல்லும் தாள் இதுதான். 1930களில் உலகெங்கும் புகைப்படச் சங்கங்களின் கண்காட்சிகளில் இந்தத் தாளுக்கு பெரும் மதிப்பு இருந்தது.

தாளை வாங்கிவிட்டால் நிறம் தானாக வந்துவிடாது. டெவலப்பரில் பொற்றாசியம் புரோமைட் கூடினால் வேலை மெதுவாகும், நிறம் சூடாகும். டெவலப்பரைத் தண்ணீர் விட்டு இளக்கினாலும் அப்படித்தான். தாளுக்கு ஒளியைச் சற்றுக் கூடக் கொடுத்து, டெவலப்பரில் இருந்து நேரத்தோடு எடுத்தால் பழுப்பு கூடும். ஆனால் மிக அவசரப்பட்டு எடுத்தால் கறுப்பு ஏறாமல் சேறு போல நின்றுவிடும். நீண்ட நேரம் விட்டால் நிறம் குளிர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் சில விநாடிகள்தான்.

நமது வெப்பமும் இதில் சேர்ந்துகொள்ளும். டெவலப்பருக்கான கணக்கெல்லாம் 20 பாகை செல்சியஸை வைத்து எழுதப்பட்டவை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பைப் தண்ணீரே அதைவிடச் சூடு. சூடு கூடினால் டெவலப்பர் விரைந்து ஓடும், ஜெலற்றின் இளகி விரல் பட்டாலே வழுக்கும். தட்டைச் சுற்றி ஐஸ் போட்டு வேலை செய்த காலத்தை ஐயா நினைவுபடுத்தினார். மின்விசிறியைப் பற்றி எண்ணிப் பார்க்கவே வேண்டாம். ஈரப் பிரின்ட்டில் தூசு ஒட்டும்.

இந்தப் பின்னணியோடுதான் நான் கொழும்பில் ஒரு கண்காட்சியில் வென்ட்டின் பழைய பிரின்ட்களை முதன்முதலில் நேரில் பார்த்தேன். புத்தகத்தில் பார்த்தபோது சாம்பலாகத் தெரிந்தவை. நேரில், பலவற்றில் கறுப்பு தூய கறுப்பாக இல்லை. நல்லெண்ணெய் தடவிய மரக் கதவின் நிறம். மனித உடலில் விழும் வெயில் அந்தப் பழுப்பில் தோலாகவே தெரிந்தது. கண்டிய நடனக் கலைஞர்கள், வயலிலும் கடற்கரையிலும் உழைப்பவர்கள், ஆண்களின் உடல், சிதைந்த கற்சிலைகள், பனிமூட்டம். இவைதான் அவர் திரும்பத் திரும்பத் தேடிப் போனவை.

அவர் ஒரே பாணியில் நின்றவரும் அல்ல. டெவலப் ஆகிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் ஒளியைக் காட்டி உருவத்தின் விளிம்பில் கோடு எழும்பச் செய்யும் சொலறைசேஷன் முறையைச் செய்து பார்த்தார். பாரிஸில் மான் ரே பிரபலமாக்கிய முறை அது. பல நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். இவையெல்லாம் கமராவில் நடப்பவையல்ல. இருட்டறையில், கைகளில் நடப்பவை.

1934இல் நண்பர்களோடு சேர்ந்து இலங்கைப் புகைப்படச் சங்கத்தை அமைத்தார். அதே ஆண்டில் வெளியான சோங் ஒஃப் சிலோன் ஆவணப்படத்தில் கேட்கும் குரல் வென்ட்டுடையது. பசில் ரைட் இயக்கிய அந்தப் படத்துக்காக, 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து பகுதிகளை வாசித்தார். தேயிலை விளம்பரத்துக்காக எடுக்கத் தொடங்கிய படம் அது. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. 1938இல் வென்ட்டின் படங்கள் லண்டனில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1943 ஓகஸ்டில் அவருடைய வீட்டில் கூடிய ஓவியர்கள் 43 குழுவை ஆரம்பித்தார்கள். ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல போன்றோரைக் கொண்ட அந்தக் குழுதான் இலங்கையின் நவீன ஓவியத்துக்கு வழி திறந்தது. அவர்களை ஒன்றுசேர்த்த வென்ட் ஓவியர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1944 டிசம்பர் 19ஆம் திகதி, மாரடைப்பு. 44ஆவது பிறந்தநாள் கழிந்து 16 நாட்கள்.

அவர் இறந்த பின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. புகைப்படக்காரர் ஒருவர் இறந்தால் அவரைத் தவிர வேறு யாரும் அந்த நெகட்டிவிலிருந்து பிரின்ட் போடக் கூடாது என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்தது. வாசித்தவர் போய்விட்டார், இனி இசைக்குறிப்பு எதற்கு என்பது போல. 1950இல் நண்பர்களின் முயற்சியில் லயனல் வென்ட்ஸ் சிலோன் என்ற நூல் லண்டனில் வெளிவந்தது. அவர் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஹரல்ட் பீரிஸ் முன்னின்று கட்டிய நினைவு அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. பின்னர் கலைக்கூடமும் வந்தது. வீடு இல்லை, நெகட்டிவ்கள் இல்லை. அவருடைய கையிலிருந்து வந்ததாக மிஞ்சியது, தாளில் பதிந்த பிரின்ட்கள் மட்டும்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். நெகட்டிவ் இருந்தால் ஒரு பிரின்ட் கெட்டாலும் இன்னொன்று போடலாம். நெகட்டிவ் போய்விட்டால், என்றோ ஒரு நாள் இருட்டறையில் ஒருவர் கடைசித் தட்டில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதே படத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கடைசி வேலைகள் இவை. ஹைப்போ, ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றும். பழசாகிப்போன ஹைப்போவில் போட்டால் உப்பு முழுவதும் போகாது. பிறகு பிரின்ட்டைத் தண்ணீரில் கழுவி அந்த ஹைப்போவையும் அகற்ற வேண்டும். நார்த் தாளுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடும் தண்ணீர் தேவை. அவசரத்தில் கழுவாமல் விட்டால், மிஞ்சிய ஹைப்போவில் உள்ள கந்தகம் ஆண்டுக்கணக்கில் வெள்ளியைத் தின்னும். முதலில் கன்னம், நெற்றி போன்ற வெளிச்சமான இடங்கள் மஞ்சளாகி மறையும். மாமாவின் படத்தில் நடந்தது இதுதான். அடையாள அட்டைக்கு நாளைக்கே படம் வேண்டும் என்று வரிசையில் நின்ற காலம் அது. கழுவ நேரம் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த ஸ்ரூடியோக்காரரை நான் குறை சொல்லவில்லை.

அம்மப்பாவின் படத்தில் நடந்தது வேறு. அது டோன் செய்யப்பட்ட படம். கழுவி முடித்த பிரின்ட்டை முதலில் பொற்றாசியம் பெரிசயனைட்டும் புரோமைட்டும் கலந்த கரைசலில் போடுவார்கள். முகம் கண்முன்னே வெளிறி மறைந்துவிடும். பழக்கமில்லாதவர் பதறிப்போவார். பிறகு கழுவி, அழுகிய முட்டை மணக்கும் சோடியம் சல்பைட்டில் போட்டால், சில விநாடிகளில் முகம் பழுப்பு நிறத்தில் திரும்பி வரும். வெள்ளி இப்போது வெள்ளி சல்பைட் ஆகிவிட்டது. அது காற்றாலும் அழுக்காலும் இலகுவில் கெடாது. செலினியம் டோனர் இன்னொரு முறை. வோர்ம் டோன் தாளில் அது விரைவாக வேலை செய்து செம்பழுப்போ ஊதாக் கலந்த பழுப்போ தரும். சல்பைட் முறையை அரைகுறையாக நிறுத்தினால் வெளிச்சமான இடங்களில் மட்டும் நிறம் மாறியிருக்கும். செலினியமோ இருண்ட இடங்களில் இருந்து தொடங்கும்.

இதில் என்னை வியக்க வைத்தது ஒன்று. மாமாவின் முகத்தை அழித்ததும் கந்தகம், அம்மப்பாவின் முகத்தைக் காத்ததும் கந்தகம். கவனமில்லாமல் எஞ்சியது அரித்தது. அளவு பார்த்து, நேரம் பார்த்துக் கொடுத்தது கவசமானது.

2017இல் நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரில் ஹவுஸ் மார்செய் புகைப்பட அருங்காட்சியகம் வென்ட்டின் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. ஐரோப்பாவின் பெரிய கலைக் கண்காட்சியான டொக்கியுமென்ராவிலும் அவ்வாண்டு அவர் இடம்பெற்றார். நெகட்டிவ் இல்லாத ஒரு மனிதர், இறந்து 70 ஆண்டுகள் கடந்து, தாளின் பலத்தில் உலகைச் சுற்றி வந்தார்.

அதே 2017இல், பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். செய்திக்காக அந்தக் கொட்டகைகளில் நான் பல நாட்கள் இருந்திருக்கிறேன். வெயிலில் வெளிறிய படங்கள், மழையில் ஊறிய படங்கள், பிரதியின் பிரதியாகிக் கண்ணும் மூக்கும் கரும்புள்ளிகளாகிப் போன படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் நெகட்டிவ் இல்லை. எடுத்த ஸ்ரூடியோவே இல்லை.

வென்ட்டின் படங்களையும் அந்தக் கொட்டகைப் படங்களையும் மனதில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் உறைத்தது. வென்ட்டின் படங்களில் உள்ள உழைப்பாளிகளில் மிகப் பலருக்குப் பெயர் இல்லை. தோளும் முதுகும் அழகாக இருக்கின்றன. அவர் யார், எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை. கறுவாத்தோட்டத்து வசதியான வீட்டிலிருந்து போனவரின் பார்வையின் எல்லை அது. நான் பார்த்த அவருடைய படங்களில் எங்கள் பக்கத்து மண்ணும் மிக அரிது. கொட்டகையில் இருந்த படங்களில் கலைநயம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எழுதப்பட்டிருந்தது. தாள் கெடாமல் இருப்பது ஒரு பாதி. அதில் இருப்பவர் யார் என்பது மறு பாதி. வென்ட்டிடம் முதல் பாதியை நாம் கற்கலாம். இரண்டாம் பாதியை எங்கள் அம்மாக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் பலரிடம் அப்படியொரு ஒற்றைப் படம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐயாவிடமிருந்தும் பின்னர் வாசித்தும் அறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூலப் படத்தை லமினேற் செய்ய வேண்டாம். ஒட்டிய பிளாஸ்ரிக்கைத் திரும்ப எடுக்க முடியாது. போராட்டத்துக்குக் கொண்டுபோவது பிரதியாக இருக்கட்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் அடைபடும். உலர்ந்த வெள்ளைத் தாள் உறையில் வைத்து, அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். பென்சிலால் மெல்லப் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஸ்கான் செய்த பிரதியை இன்னொரு வீட்டிலும், முடிந்தால் இன்னொரு நாட்டிலும் வையுங்கள்.

மாமாவின் படத்தை நான் ஸ்கான் செய்துவிட்டேன். கணினியில் கன்னத்தை நிரப்பி முகத்தைச் சீராக்கித் தரலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். இல்லாத கன்னத்தைக் கற்பனையில் வரைந்தால் அது யாரோ ஒருவருடைய முகம் ஆகிவிடும் என்பது அவருடைய பயம். மிஞ்சியிருப்பது கண்களும் மீசையும் சட்டைக் கழுத்தும். அவை போதும் என்கிறார்.

மூலப் படம் இப்போது தாள் உறைக்குள், அம்மப்பாவின் பழுப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் அம்மா மாமாவின் பெயரை எழுதியிருக்கிறார்.